ஆட்டுக்கு இடமில்லாத முகாம்: கஜா புயல் இரவில் ஒரு மீட்பு (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த இரவில் நான் வேதாரண்யம் வட்டத்தில், கடலிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு ஊர்ப் பள்ளியில் இருந்தேன். அங்கே நான் ஆசிரியர். பள்ளி நிவாரண முகாமாகியிருந்தது, சாவி என் கையில். முகாமின் வருகை நோட்டை எழுதியதும் நான்தான்.

இது ஒரு குடும்பத்தின் கதை. கணவரை இழந்த, 60 வயதைத் தாண்டிய ஓர் அம்மா, அவருடைய மருமகள், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன். மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். பள்ளியிலிருந்து வாய்க்கால் கரையோடு போனால் 400 மீட்டரில் வீடு. மண் சுவர், நாட்டு ஓடு, கொல்லையில் ஏழு தென்னை. அந்த அம்மாவின் சொந்த வரும்படி நான்கு ஆடுகள்.

ஊரில் இந்தச் சம்பவத்தை நாலு பேர் புயலுக்குள் போய் ஆளைத் தூக்கி வந்த வீரக்கதையாகத்தான் சொல்கிறார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருவன். அப்படிப் போகவேண்டிய நிலை எப்படி வந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

15ஆம் தேதி: வராத புயலுக்குக் காத்திருந்தது

எங்கள் பகுதிக்குப் புயல் புதிதல்ல. 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12 என்று இரண்டு தேதிகளைப் பெரியவர்கள் வீட்டுத் திருமணத் தேதி மாதிரி சொல்வார்கள். ஆனால் 77க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் புயல் என்றால் இரண்டு நாள் மழை, பள்ளி விடுமுறை, அவ்வளவுதான். எத்தனையோ எச்சரிக்கை வந்து, வேறு பக்கம் திரும்பிப் போயிருக்கிறது.

கஜாவும் ஆரம்பத்தில் அப்படித்தான் தெரிந்தது. கரையைக் கடக்கும் நேரம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வியாழக்கிழமை பகல் என்றார்கள், அப்புறம் சாயங்காலம், அப்புறம் இரவு. பகல் முழுக்க லேசான தூறல்தான். ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனவர்களைப் பார்த்து டீக்கடையில் சிரித்தார்கள். "தீபாவளி முடிஞ்சு பத்து நாள் ஆகல, அதுக்குள்ள இன்னொரு லீவா சார்" என்று என்னிடமே ஒருவர் கேட்டார்.

இருந்தாலும் மாலை நான்கு மணிக்கு மேல் கூரை வீட்டுக்காரர்களும் ஓட்டு வீட்டுக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டிடத்தைப் பூட்டிவிட்டு, தளம் போட்ட ஐந்து வகுப்பறைகளை மட்டும் திறந்தோம். இது சரியான முடிவு. பழைய கட்டிடத்தின் ஓடுகள் காலையில் வயலில் கிடந்தன.

நான்கரை மணி வாக்கில் அந்த அம்மா மருமகள், பேரனோடு வந்தார். கையில் ஒரு பை. கயிற்றில் நான்கு ஆடுகள். வாசலிலேயே நிறுத்தி, "ஆட்டையெல்லாம் உள்ள விட முடியாதும்மா, ஜனங்களுக்கே இடம் பத்தாது" என்றேன். சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை. அவர் வாதாடவில்லை. "அதுவும் சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய் வீட்டுக் கொட்டகையில் கட்டிவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

நோட்டில் நான் எழுதியது: குடும்பத் தலைவர் பெயர், வீட்டு எண், நபர்கள் 3. எல்லாக் குடும்பத்துக்கும் இப்படித்தான். மேலே அனுப்ப மொத்த எண்ணிக்கைதான் கேட்டார்கள், கணக்கு அதோடு முடிந்தது. யார் எந்த அறையில் படுத்திருக்கிறார்கள் என்று குறிக்கவில்லை. இரவில் ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும் என்ற நினைப்பும் வரவில்லை.

இரவு: கவனித்தவை

ஏழு மணி சுமாருக்கு முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்தினார்கள். எட்டரை மணிக்கு சாதமும் சாம்பாரும். மழை தூறிக்கொண்டிருந்தது, காற்று பெரிதாக இல்லை. ஒன்பது மணிக்கு மேல், மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லாரும் பாய் விரித்துக்கொண்டிருந்த சமயத்தில், அந்த அம்மா வெளியே போயிருக்கிறார். அவிழ்த்து விட்டாலாவது ஆடுகள் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றியதாம். கால் மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார். வீட்டுக்குப் போனதும் மழை பிடித்துக்கொண்டது. கொஞ்சம் விடட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

மாமியார் பக்கத்து அறையில் தன் அக்காளோடு படுத்திருக்கிறார் என்று மருமகள் நினைத்தார். அக்காள், தங்கை பேரனோடு படுத்திருக்கிறாள் என்று நினைத்தார். இரண்டுமே நியாயமான நினைப்புதான்.

பதினொன்றுக்கு மேல் வாடை, அதாவது வடக்குக் காற்று, இறங்கியது. அந்தச் சத்தத்தை மரம் முறிகிற சத்தம் என்று சொல்ல முடியாது. தனித்தனியாக எதுவும் கேட்கவில்லை. அறையின் இரும்பு ஜன்னல் கதவுகளைத் துப்பட்டாவால் கட்டி, முறை வைத்து ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டு நின்றோம். கதவு உள்ளே அழுத்தாமல் வெளியே இழுத்தது. குழந்தைகள் காது அடைக்கிறது என்று அழுதார்கள். பலத்த காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வரை வீசியதாகப் பிறகு பேப்பரில் படித்தோம். அந்த நேரத்தில் எண்ணுக்கு ஏது அர்த்தம்.

ஒன்றரை மணி சுமாருக்கு நின்றது. விளக்கை ஊதி அணைத்த மாதிரி சட்டென்று. மழைகூட இல்லை. மேலே இரண்டு மூன்று நட்சத்திரம் தெரிந்தது.

புயல் முடிந்தது என்று ஆட்கள் எழுந்து வெளியே போகத் தொடங்கினார்கள். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா, 52 புயலில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக இருந்தவர், கம்பைத் தரையில் தட்டிக் கத்தினார்: "ஒருத்தனும் வெளிய போவாதீங்கடா. வாட நின்னா சோழவம் எறங்கும். இது பாதிதான்." சோழவம் என்றால் தெற்குக் காற்று. புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று நிற்கும், கண் நகர்ந்ததும் எதிர்த் திசையிலிருந்து திரும்ப அடிக்கும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்தியிருக்கிறேன். அந்த அமைதியில் எனக்கு அது ஞாபகமே வரவில்லை. தாத்தா சொன்ன பிறகுதான் ஓடிப்போய் கேட்டை மூடினேன்.

அந்த நேரத்தில்தான் மருமகள் அறை அறையாகப் போய் "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முதல் முடிவு: போவதா, வேண்டாமா

எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரியாது. தாத்தாவைக் கேட்டோம். "ஒரு சோறு வடிக்கிற நேரம்" என்றார். முப்பது, நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டோம்.

போகவேண்டாம் என்பதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. இருட்டு, வழி முழுக்க விழுந்த மரம், திரும்ப வருவதற்குள் காற்று பிடித்துக்கொண்டால் ஒரு உயிருக்குப் பதில் ஐந்து உயிர். போகவேண்டும் என்பதற்கு ஒரே காரணம், மருமகள் எங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் போகாவிட்டால் அவர் போயிருப்பார்.

பதினைந்து பேர் கிளம்பினார்கள். நாலு பேர் போதும் என்று நிறுத்தினோம்: ஒரு கொத்தனார், ஒரு மரம் ஏறுபவர், ஒரு கல்லூரிப் பையன், நான். மூன்று விதிகள் பேசிக்கொண்டோம். போனில் 20 நிமிடத்துக்கு அலாரம். அடித்தால், ஆள் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்புவது. காற்று அதற்கு முன்னால் அசைந்தால், பாதி வழியில் இருக்கும் பஞ்சாயத்து மோட்டார் ரூமில் புகுந்துகொள்வது, அதற்குக் கான்கிரீட் தளம். கீழே கிடக்கும் எந்தக் கம்பியையும் தொடாமல், சுற்றி வயலில் இறங்கிப் போவது.

400 மீட்டர் போக ஒன்பது நிமிடம் ஆனது. கையில் இருந்தது இரண்டு டார்ச்சும் தேங்காய் உரிக்கும் பாரையும்தான்.

வீட்டின் மேல் ஒரு தென்னை குறுக்கே கிடந்தது. வடக்குச் சுவர் உள்ளே விழுந்திருந்தது. கூப்பிட்டதும் குரல் வந்தது, தெளிவாக: "இங்க இருக்கேன் தம்பி." அடுப்படிப் பக்கம், இடது கால் முழங்காலுக்குக் கீழே உத்திரத்துக்கு அடியில். கொத்தனார் உடனே இழுக்க விடவில்லை. எதைத் தூக்கினால் எது சரியும் என்று டார்ச் அடித்துப் பார்த்து, அம்மிக்கல்லை உருட்டி வந்து உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் பாரையைப் போட்டு நெம்பினார். அந்த இரண்டு நிமிடப் பொறுமை இல்லாவிட்டால் மீதிச் சுவரும் எங்கள் மேல்தான் விழுந்திருக்கும். அன்றிரவு நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காரியம்.

கெண்டைக்கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்திருந்தது. ரத்தம் கசிந்துகொண்டிருந்தது, பீய்ச்சவில்லை. பையன் கொடிக்கயிற்றை எடுத்து முழங்காலுக்கு மேல் இறுக்கக் கட்டினான். ஜூனியர் ரெட் கிராஸ் பயிற்சி எடுத்தவன் என்ற முறையில் அதை அவிழ்க்கச் சொன்னேன். கசிகிற ரத்தத்துக்குக் காயத்தின் மேல் துணி வைத்து அழுத்தினால் போதும், விடிகிற வரைக்கும் கயிறு இறுகிக் கிடந்தால் கால் போய்விடும். அவர் புடவை முந்தானையை மடித்து அழுத்தி, இரண்டு பக்கமும் தென்னை மட்டை வைத்து, துண்டால் கட்டினோம்.

அலாரம் அடித்தபோது வாய்க்கால் கரையில் இருந்தோம். தென்பக்கமிருந்து ஒரு குளிர் வந்து முகத்தில் பட்டது. பள்ளிக்கு இன்னும் 200 மீட்டர். மோட்டார் ரூம் பக்கத்திலேயே. கொத்தனார் "ரூம்" என்றார், யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

எட்டடிக்கு ஆறடி ரூமில், நடுவில் மோட்டார், சுற்றி ஐந்து பேர், விடிகிற வரைக்கும். முதல் காற்றில் தெற்கே சாய்ந்தும் விழாமல் நின்ற மரங்களையெல்லாம் இரண்டாம் காற்று வடக்கே தள்ளிச் சாய்த்தது. நான் முறை மாற்றாமல் துணியை அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா ஒரே ஒரு தடவை பேசினார்: மூன்று ஆட்டை அவிழ்த்துவிட்டதாகவும், நான்காவதன் முடிச்சு மழையில் ஊறி இறுகிக்கொண்டதாகவும்.

இரண்டாவது முடிவு: ஆஸ்பத்திரிக்கு எப்படி

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தோம். ஊர் அடையாளமே தெரியவில்லை. தோப்பு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்ததாகப் பிறகு தெரியவந்தது. எங்கள் தெருவில் நின்ற கம்பம் ஒன்றுகூட இல்லை. 108க்குப் போட எந்தப் போனிலும் சிக்னல் இல்லை.

தாலுகா ஆஸ்பத்திரி 11 கிலோமீட்டர். மெயின் ரோடு மூன்று கிலோமீட்டர். வழி திறக்கும் வரை காத்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். காயம் திறந்த காயம், மண்ணும் சாணமும் பட்டது. நேரம் ஆக ஆகச் சீழ் பிடிக்கும். தூக்கிக்கொண்டு போவது என்று முடிவு செய்தோம். அதற்கு முன்னால் இரண்டு பையன்களை வெறுங்கையோடு ஓடவிட்டோம், மெயின் ரோட்டில் எந்த வண்டி கிடைத்தாலும் நிறுத்தி வைக்கச் சொல்லி.

கிளம்புமுன் ஒரு துண்டுத்தாளில் எழுதி அவர் ஜாக்கெட்டில் குத்தினேன்: வயது, அடிபட்ட நேரம் சுமார் 1 மணி, கால் விடுவித்த நேரம் 1.50, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர், கடைசியாகச் சாப்பிட்டது இரவு 8.30. மருத்துவர் முதலில் படித்தது அதைத்தான்.

கயிற்றுக் கட்டில், எட்டுப் பேர், நாலு நாலு பேராக. முன்னால் அரிவாள், கோடாலியோடு பத்துப் பேர். முதல் அரை கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஊரில் ஒருவரிடம் மரம் அறுக்கும் மெஷின் இருந்தது, பெட்ரோல் இல்லை. பைக்குகளில் டியூப் போட்டு உறிஞ்சலாம் என்று ஆரம்பித்தபோது மெஷின்காரர் தடுத்தார். அந்த மெஷினுக்குப் பெட்ரோலில் டூ-டி ஆயில் கலக்கவேண்டும், வெறும் பெட்ரோல் ஊற்றினால் இன்ஜின் இறுகிவிடும். கடை எதுவும் இல்லை. அப்போது யாரோ பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியை ஞாபகப்படுத்தினார்கள். அதன் டேங்கில் இருப்பதே ஆயில் கலந்த பெட்ரோல். கூரைக்கு அடியில் கிடந்த மூன்று எக்ஸ்.எல்.களைத் தேடி எடுத்து உறிஞ்சியதில் ஐந்து லிட்டர் போலக் கிடைத்தது. அதற்குப் பிறகு நடை வேகம் பிடித்தது.

கம்பி கிடந்த இடங்களில் கட்டிலை வயலில் இறக்கினோம். முந்தின நாளே மின்சாரத்தை நிறுத்தியிருந்தாலும், யார் வீட்டு ஜெனரேட்டர் எந்தக் கம்பிக்குக் கரண்ட் தள்ளுகிறது என்று யாருக்குத் தெரியும். சம்பா நட்டு இரண்டு மாதம் ஆகாத வயல். முழங்கால் சேற்றில், பயிரை மிதித்துக்கொண்டுதான் போனோம். வயல்காரர் ஒருவர் வரப்பில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்து கட்டிலில் ஒரு கால் பிடித்தார்.

மெயின் ரோட்டை அடைந்தபோது மணி பதினொன்றே கால். ஒரு ஜே.சி.பி. மரங்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. பையன்கள் ஒரு டிராக்டரை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி. அடிபட்டு 12 மணி நேரம்.

பின்விளைவு

ஆஸ்பத்திரியிலும் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் மட்டும். காயத்தைக் கழுவி, டிடி ஊசி, குளுக்கோஸ் போட்டு, மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். மறுநாள் அறுவை. புண் சீழ் பிடித்து மூன்று தடவை சுத்தம் செய்யவேண்டியதாயிற்று, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். கால் தப்பியது. ஐந்து வாரத்தில் வீடு திரும்பினார், திரும்ப ஒரு வீடு இருந்திருந்தால். தார்ப்பாய் கொட்டகைக்குத்தான் வந்தார். இடது கால் கொஞ்சம் குட்டை, கம்பு ஊன்றி நடக்கிறார்.

மகனுக்கு நான்காம் நாள்தான் செய்தி போனது. கட்டியிருந்த ஆடு செத்துப்போனது. அவிழ்த்துவிட்ட மூன்றில் இரண்டு தானாகப் பள்ளி வாசலுக்கு வந்து நின்றன. மருமகள் அவற்றைக் கொடிக்கம்பத்தில் கட்டிப்போட்டார்.

விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600, அதை வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். கணக்கு எடுக்க வந்தபோது அவருடைய ஏழு மரத்தில் ஐந்தைத்தான் காட்ட முடிந்தது. இரண்டை நாங்கள் அன்று காலையிலேயே வழிக்காக அறுத்துத் தள்ளியிருந்தோம். எழுதிக் கொடுத்து அலைந்து கடைசியில் வாங்கிக் கொடுத்தோம். தண்ணீர், கரண்ட், மறியல் என்று அடுத்த ஒரு மாதக் கதை தனி. அது இங்கே வேண்டாம்.

எதை மாற்றிச் செய்வோம்

பொங்கலுக்குப் பிறகு பள்ளியில் உட்கார்ந்து பேசினோம். காற்று நின்ற நேரத்தில் போனது சரியா என்பதில் இன்றுவரை ஒரே கருத்து இல்லை. மருமகள் சரி என்கிறார். தாத்தா தப்பு என்றார், செத்துப்போகும் வரை அதையே சொன்னார். என்னைக் கேட்டால், இன்னொருவரைப் போகச் சொல்லமாட்டேன். இருபது நிமிட அலாரமும் மோட்டார் ரூமும் இல்லாமல் கிளம்பியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

மற்றவற்றில் தகராறு இல்லை. நோட்டை மாற்றினோம்: ஆளுக்கு ஒரு வரி, பெயர், எந்த அறை, வெளியே போனால் நேரம். இரவு ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் பெயர் கூப்பிட்டு எண்ணுவது. பதினொன்றுக்கு எண்ணியிருந்தால்கூட, காற்று முற்றுவதற்கு முன்னால் அவரைக் கூட்டி வந்திருக்கலாம். முகாமில் வைக்க ஒரு பெட்டி: பாரை, ரம்பம், கயிறு, தூக்குக்கட்டில், டூ-டி ஆயில் இரண்டு பாக்கெட். மெஷின்காரர் ஒவ்வொரு ஐப்பசியிலும் பெட்ரோல் கேனை நிரப்பி வைப்பதாக ஒப்புக்கொண்டார். கேட்டருகே போர்டில் எழுதி வைத்தோம்: காற்று நின்றால் வெளியே வராதே.

ஆடு விஷயத்தை நான்தான் எடுத்தேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சுவர் எழுப்பித் தளம் போட்டால் அறுபது ஆடு நிற்கும் என்று கொத்தனார் கணக்குப் போட்டார். ஊர்ப் பணத்தில் 2019 ஆவணியில் முடிந்தது. தலைமையாசிரியருக்கு நாற்றம் பற்றிக் கவலை இருந்தது, நியாயம்தான்.

2020 நவம்பரில் நிவர் வந்தபோது முதல் தடவையாக அதைத் திறந்தோம். கொரோனா காலம், ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, முகக்கவசத்தோடு. புயல் கடைசியில் வடக்கே புதுச்சேரி பக்கம் கரையேறியது, எங்களுக்குப் பெரிய காற்று இல்லை. மதியம் மூன்று மணிக்கே முதல் ஆளாக அந்த அம்மா கம்பை ஊன்றி வந்தார். நோட்டில் முதல் வரியில் அவர் பெயர், அறை எண் 2. ஆட்டுக்கும் ஒரு பத்தி கோடு போட்டிருந்தேன். "எத்தனைம்மா?" என்றேன்.

"எழுதிக்கங்க சார், அஞ்சு. ஒண்ணு சினை."